போகும்போது ஆடாத டிரெய்லர் திரும்பும்போது ஏன் ஆடுகிறது? டாய் ஹாலர் இழுப்பவர்களுக்குக் கோளாறு பார்க்கும் வழி

டாய் ஹாலர் என்பது பாதி வீடு, பாதி கராஜ். முன்பாதியில் கட்டில், அடுப்பு, கழிப்பறை. பின்பாதியில் மணல் வண்டியோ பைக்கோ ஏற்றிக்கொள்ளும் கூடம். பின்சுவரே கீழே சாய்ந்து ஏற்றுபலகை ஆகிவிடும். சான் டியேகோ பக்கம் இருக்கும் நாங்கள் அக்டோபர் பிறந்ததும் இதை ட்ரக்கில் மாட்டிக்கொண்டு இன்டர்ஸ்டேட் 8 வழியாக கிளாமிஸ் மணல்மேடுகளுக்குக் கிளம்பிவிடுவோம்.

சாதாரண டிராவல் டிரெய்லருக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு, இதில் பாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதுதான். வண்டி ஏற்றினால் ஒரு கணக்கு, இறக்கினால் வேறு கணக்கு. தண்ணீர் நிரப்பினால் ஒன்று, அது கழிவாக மாறி வேறு டேங்க்கில் போய்ச் சேர்ந்தால் இன்னொன்று. கீழே சொல்லும் கோளாறுகளில் பலவும் அங்கிருந்துதான் பிறக்கின்றன. அதனால் எந்த அறிகுறி தெரிந்தாலும் பாகத்தை மாற்றுவதற்கு முன் எடையைப் பாருங்கள்.

## சமதரையில் 60 மைலைத் தொட்டதும் வால் ஆடுகிறது

முதலில், ஆடிக்கொண்டிருக்கும் அந்த நொடியில் என்ன செய்வது என்று சொல்லிவிடுகிறேன். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பாதீர்கள். கை எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் போகும், அதுவே ஆட்டத்தை வளர்த்துவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ட்ரக்கின் பிரேக்கை மிதிக்க வேண்டாம். டிரெய்லரின் பிரேக்கை இயக்க ட்ரக்கில் இருக்கும் பிரேக் கன்ட்ரோலரில் கையால் அழுத்துகிற விசை ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் டிரெய்லரின் பிரேக் மட்டும் பிடிக்கும். யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தது போல வண்டி நேராகும். கண்ணால் தேடாமலே அந்த விசைக்குக் கை போகும்படி வீட்டு வாசலிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

இனி காரணம். எனக்கு நடந்ததையே சொல்கிறேன். ஒரு தேங்க்ஸ்கிவிங் விடுமுறை. போகும்போது மலை, வளைவு, இறக்கம் எல்லாவற்றிலும் டிரெய்லர் ஒழுங்காகப் பின்னால் வந்தது. திரும்பும்போது எல் சென்ட்ரோ தாண்டி, கோடு கிழித்தது போன்ற நேர் சாலை. காற்றுகூட இல்லை. ஒரு பெரிய லாரி எங்களைக் கடந்து போனது, அவ்வளவுதான். இடது கண்ணாடியில் டிரெய்லரின் பின்மூலை எட்டிப் பார்த்தது. பிறகு வலது கண்ணாடியில். பிறகு மறுபடி இடதில், இன்னும் அதிகமாக. பின் சீட்டிலிருந்து மகள் "அப்பா, வீடு ஆடுதுப்பா" என்றாள். விசையை அழுத்தி, ஓரங்கட்டி நிறுத்திய பிறகும் என் முழங்கால் நடுக்கம் நிற்கவில்லை. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு உச்ச வேகம் 55 மைல். நான் 62-ல் போய்க்கொண்டிருந்தேன்.

அதே ட்ரக், அதே டிரெய்லர், கராஜில் அதே மணல் வண்டி, அதே பட்டைகள். மாறியது தண்ணீர். என் டிரெய்லரில் நல்ல தண்ணீர் டேங்க் ஆக்சிலுக்கு, அதாவது சக்கர அச்சுக்கு, முன்னால் இருக்கிறது, 100 கேலன். ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு, நிரம்பினால் 834 பவுண்டு, அதில் ஒரு பங்கு ட்ரக்கையும் டிரெய்லரையும் இணைக்கும் ஹிட்ச்சின் மேல் அழுத்தும். கழிவு டேங்க்குகள் ஆக்சிலுக்குப் பின்னால் இருக்கின்றன. மூன்று நாள் கழித்து முன்னால் இருந்த தண்ணீர் காலி, பின்னால் இருந்த டேங்க் நிறைந்துவிட்டது. முன்பக்க அறையில் அடுக்கிய விறகும் எரிந்து தீர்ந்திருந்தது. போகும்போது டிரெய்லர் 9,400 பவுண்டு, ஹிட்ச்சில் விழுந்த பாரம் 1,220 பவுண்டு. அதாவது 13 சதவீதம். திரும்பும்போது இருந்தபடியே பிறகு ஒருமுறை ஏற்றி எடை போட்டேன்: டிரெய்லர் 8,900, ஹிட்ச்சில் வெறும் 800. 9 சதவீதம்.

பந்து ஹிட்ச்சில் இழுக்கும் டிரெய்லருக்கு அதன் மொத்த எடையில் 10-லிருந்து 15 சதவீதம் ஹிட்ச்சில் விழ வேண்டும். டங் வெயிட் என்பது இதைத்தான். 10-க்குக் கீழே போனால் வால் கனத்து, மூக்கு லேசாகிவிடும். லாரி தள்ளும் காற்றே போதும், ஆட்டம் தொடங்கிவிடும். கராஜ் பின்னால் இருப்பதால் டாய் ஹாலரில் இது எளிதில் நடக்கிறது.

என்ன செய்வது? கிளம்பும் முன் கழிவு டேங்க்கை டம்ப் ஸ்டேஷனில் காலி செய்யுங்கள். வரிசை நீளமாக இருக்கிறது என்று தள்ளிப்போடாதீர்கள். நல்ல தண்ணீர் டேங்க் முன்னால் இருந்தால் அதில் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருந்தால் இதற்கு நேர்மாறு, காலி செய்துவிட்டுப் புறப்படுங்கள். மணல் வண்டியை இரண்டடி முன்னால் நகர்த்திக் கட்ட இடம் இருந்தால் அதுவே பெரிய மருந்து. ஆட்டத்தை அடக்கும் உராய்வுப் பட்டைகளை விற்பார்கள், நல்லவைதான். ஆனால் 9 சதவீதத்தில் நிற்கும் டிரெய்லரை அவை 13 ஆக்கிவிடாது. எடையைச் சரி செய்த பிறகு மாட்டுங்கள்.

எடையே சரியாக இருந்தும் ஆடுகிறதா? டிரெய்லரின் மூக்கு மேல்நோக்கி நிற்கிறதா பாருங்கள். அது சமமாகவோ, ஒரு மயிரிழை கீழ்நோக்கியோ நிற்க வேண்டும். ட்ரக்கின் பின் டயர்களில் காற்று குறைந்திருந்தாலும் பின்பக்கம் குழைந்து ஆடும்.

## எடை எப்படிப் போடுவது

நெடுஞ்சாலை ட்ரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடை மேடை இருக்கும். மூன்று தட்டுகள். ட்ரக்கின் முன்சக்கரம் முதல் தட்டில், பின்சக்கரம் இரண்டாவதில், டிரெய்லரின் சக்கரங்கள் மூன்றாவதில் நிற்க வேண்டும். டேங்க், பெட்ரோல், மணல் வண்டி, பிள்ளைகள், ஐஸ் பெட்டி எல்லாவற்றோடும் போங்கள். காலி டிரெய்லரை எடை போட்டுப் பயனில்லை.

மூன்று முறை நிறுத்தி மூன்று எடைச்சீட்டு வாங்கினால் முழுக் கதையும் தெரியும். முதலில், ஹிட்ச்சில் விழும் பாரத்தில் ஒரு பங்கை ட்ரக்கின் முன் ஆக்சிலுக்குத் தள்ளும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சின் கம்பிகளை இறுக்கியபடி. அடுத்து அந்தக் கம்பிகளைக் கழற்றிவிட்டு. கடைசியாக டிரெய்லரை ஓரமாக விட்டுவிட்டு ட்ரக்கை மட்டும். இரண்டாவது எடைச்சீட்டில் ட்ரக்கின் முன், பின் ஆக்சில் எடைகளைக் கூட்டி, அதிலிருந்து மூன்றாவது சீட்டின் கூட்டுத்தொகையைக் கழித்தால் டங் வெயிட். முதல் சீட்டை இரண்டாவதோடு வைத்துப் பார்த்தால், கம்பிகள் முன் ஆக்சிலுக்கு எவ்வளவு பாரத்தைத் திருப்பித் தந்திருக்கின்றன என்பது தெரியும்.

## ட்ரக்கின் பின்பக்கம் தாழ்கிறது, ஸ்டீயரிங் லேசாகிவிட்டது

ஒரு டேப் எடுத்து முன்சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவின் உயரத்தை அளந்து பாருங்கள். என் ட்ரக்கில் டிரெய்லர் இல்லாதபோது 38 அங்குலம். மாட்டியதும் 39½. முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பப் பார்க்கிறது என்று பொருள். ஸ்டீயரிங் மிதப்பது போலத் தோன்றுவதும், எதிரே வருபவர் நம் முன்விளக்கால் கண் கூசி ஹாரன் அடிப்பதும் இதனால்தான். கம்பிகளை ஒரு கண்ணி இறுக்கினேன், 38½ ஆயிற்று. எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது ட்ரக்குக்கு ட்ரக் மாறும். உங்கள் கையேட்டில் போட்டிருக்கும்.

கம்பிகளை இறுக்கியும் பின்பக்கம் எழவில்லை என்றால் கோளாறு ஹிட்ச்சில் இல்லை, ட்ரக்கைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. இதில் நானும் தவறினேன். டிரெய்லர் விற்ற இடத்தில் "உங்கள் ட்ரக் 11,000 பவுண்டு இழுக்கும், இது 9,500தான், கவலையே இல்லை" என்றார்கள். நம்பி வாங்கிவிட்டேன். இழுக்கும் திறன் என்பது ஒரு எண். சுமக்கும் திறன் என்பது வேறொரு எண். டாய் ஹாலர் விஷயத்தில் முதலில் தீர்ந்துபோவது சுமக்கும் திறன்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவு நிலையில் மஞ்சள் வெள்ளை லேபிள் ஒன்று ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். இதுதான் பேலோடு. விளம்பரத் தாளில் இருப்பது அந்த மாடலின் உச்ச எண். லேபிளில் இருப்பது உங்கள் ட்ரக்கின் எண். என் அரை டன் ட்ரக்கில் (அரை டன் என்பது வகைப் பெயர்தான், எடை அல்ல) 1,560. நாங்கள் நால்வரும் சேர்ந்து 560. ஹிட்ச் 100. பின்தொட்டியில் ஜெனரேட்டர், கருவிப்பெட்டி 150. மிச்சம் 750. ஹிட்ச்சில் விழுவதோ 1,220. 470 பவுண்டு அதிகம். பின் ஸ்பிரிங்குக்குக் காற்றுப்பை வைத்தால் ட்ரக் நிமிர்ந்து நிற்கும், ஆனால் ஆக்சிலும் டயரும் பிரேக்கும் பழையவைதானே. லேபிளில் உள்ள எண் மாறாது.

கடைசியில் அடுத்த பெரிய வகையான முக்கால் டன் பெட்ரோல் ட்ரக்குக்கு மாறினேன். டீசலுக்கு மலையேற்றத்தில் நிகரில்லை என்பது உண்மை. ஆனால் அந்த எஞ்சின் கனம். அதே மாடலில் டீசல் எடுத்தால் பேலோடு குறையும். பணம் கட்டுவதற்கு முன் இரண்டு லேபிளையும் நேரில் படித்துப் பாருங்கள். ட்ரக்கில் ஹிட்ச்சைச் செருகும் ரிசீவரின் அடியிலும் ஒரு லேபிள் உண்டு: வெறும் பந்தில் இவ்வளவு, வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சோடு இவ்வளவு என்று பல ட்ரக்குகளில் இரண்டு எண்கள் இருக்கும்.

டிரெய்லர் பக்கம் பார்க்க வேண்டியது காலி எடை அல்ல, ஜிவிடபிள்யூஆர் எனப்படும் உச்ச எடை. அதில் 13 சதவீதத்தை டங் வெயிட்டாக வைத்துக் கணக்குப் போடுங்கள். காலியாக நிற்கும்போது டாய் ஹாலரின் மூக்கு சற்றுக் கனமாகவே இருக்கும். பின்னால் வண்டி ஏறும் என்று எண்ணி அப்படிச் செய்கிறார்கள். அதைக் கண்டு பயப்படவும் வேண்டாம், கராஜ் காலியாகப் போகும் பயணத்தில் அதை மறக்கவும் வேண்டாம். டேங்க்குகள் ஆக்சிலுக்கு எந்தப் பக்கம் என்று கடையிலேயே கீழே குனிந்து பாருங்கள். யாரும் அதைச் சொல்வதில்லை, விற்பவருக்கே தெரியாமலும் இருக்கும். மணல் வண்டியின் நீளத்தையும் அகலத்தையும் அளந்துகொண்டு போங்கள். பின்கதவு தாங்கும் எடை அதன் தகட்டில் இருக்கும். கலிபோர்னியாவில் 10,000 பவுண்டு ஜிவிடபிள்யூஆரைத் தாண்டினால் சாதாரண சி வகுப்பு உரிமம் போதாது என்பதையும் மனதில் வைத்து வாங்குங்கள்.

## பிரேக் மிதித்தால் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளுகிறது

கன்ட்ரோலரில் டிரெய்லர் இணைந்திருப்பதாகக் காட்டுகிறதா? காட்டவில்லை என்றால் ஏழு முனை பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கிளாமிஸ் மணல் மாவு போல நுண்மையானது, முனைகளுக்குள் புகுந்துவிடும். காற்றால் ஊதி, பச்சை பிடித்த முனைகளைத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். பாதிக் கோளாறு இங்கேயே முடியும்.

இணைப்பு இருந்தும் பிடிக்கவில்லையா? கன்ட்ரோலரின் கெய்னை, அதாவது டிரெய்லர் பிரேக் எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்ற அளவை, சரிசெய்யுங்கள். காய்ந்த சமதரையில் 20, 25 மைல் வேகத்தில் கைவிசையை முழுக்க அழுத்துங்கள். சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்டால் குறையுங்கள். சும்மா உருண்டால் கூட்டுங்கள். பூட்டுவதற்கு ஒரு படி முன்னால் நிற்பதுதான் சரியான இடம். இதை வண்டி ஏற்றிய பிறகு செய்யுங்கள், காலி டிரெய்லரில் வைத்த கெய்ன் பாரத்துக்குப் போதாது.

கெய்னை உச்சத்தில் வைத்தும் பிடிப்பு இல்லையென்றால் பிரேக் ஷூ தேய்ந்து டிரம்மிலிருந்து விலகிப் போயிருக்கும். தானே சரிசெய்துகொள்ளாத பழைய வகை எலெக்ட்ரிக் பிரேக்கை முதல் 200 மைலிலும் பிறகு 3,000 மைலுக்கு ஒருமுறையும் கையால் சரிசெய்ய வேண்டும் என்று டெக்ஸ்டர் நிறுவனத்தின் ஆக்சில் கையேடு சொல்கிறது. சக்கரத்தைத் தூக்கி, பின்தகட்டில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றினால் உள்ளே பல் சக்கரம் தெரியும். சக்கரம் சுழல மறுக்கும் வரை அதைத் திருப்புங்கள். பிறகு லேசாக உரசிக்கொண்டே தாராளமாகச் சுழலும் வரை பின்னோக்கித் திருப்புங்கள்.

பிரேக் ஒரு நேரம் பிடிக்கிறது, ஒரு நேரம் விடுகிறது என்றால் அதுவே மிக மோசமான அறிகுறி, ஏனென்றால் சோதிக்கும்போது சரியாக இருக்கும். என் டிரெய்லரில் இதைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. வலது சக்கரத்திலிருந்து இடது சக்கரத்துக்கு மின்கம்பி ஆக்சில் குழாயின் உள்ளே போகிறது. சாலைக் குலுக்கலில் அது குழாயின் விளிம்பில் உரசி உரசித் தோல் உரிந்திருந்தது. செம்பு மினுமினுவென்று தெரிந்தது. பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் இரும்பில் பட்டு ஷார்ட் ஆகியிருக்கிறது. பழைய கம்பியை அப்படியே விட்டுவிட்டு, குழாய்க்கு வெளியே தடித்த உறையோடு புதிய கம்பி இழுத்துக் கட்டினேன். மல்டிமீட்டர் இருந்தால் பிரேக்கை இயக்கும் மின்காந்தத்தையும் பார்த்துவிடலாம்: 12 அங்குல பிரேக்கின் காந்தம் ஒன்று சுமார் 3.2 ஓம் காட்டும். வெகுவாகக் குறைந்தால் உள்ளே ஷார்ட். எதுவுமே காட்டவில்லை என்றால் அறுந்துவிட்டது.

டிரெய்லர் ட்ரக்கிலிருந்து பிரிந்துவிட்டால் அதன் பிரேக்கைத் தானே பிடிக்கவைக்கும் பிரேக்அவே சுவிட்சின் ஊசியை மாதம் ஒருமுறை பிடுங்கி, ட்ரக்கை மெல்ல நகர்த்திப் பாருங்கள். டிரெய்லர் அசையக் கூடாது. உடனே ஊசியைத் திரும்பச் செருகிவிடுங்கள், இல்லையென்றால் பேட்டரி தீரும், காந்தம் சூடாகும்.

## ஒரு சக்கரம் மட்டும் சுடுகிறது

ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான்கு ஹப்புகளையும் புறங்கையால் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். வெப்பம் காட்டும் துப்பாக்கி இருந்தால் நல்லது. எத்தனை டிகிரி என்பது பெரிதல்ல, நான்கில் எது மட்டும் வேறுபடுகிறது என்பதே செய்தி. ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் பேரிங்கில் கிரீஸ் வற்றியிருக்கும், அல்லது அந்தப் பிரேக் விடாமல் உரசுகிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தாலும் கவனியுங்கள்: இறக்கத்தில் இறங்கி நின்றபின் மற்ற மூன்றும் சூடாக இருக்க அது மட்டும் குளிர்ந்திருந்தால், அந்தச் சக்கரத்தில் பிரேக் வேலையே செய்யவில்லை.

பேரிங்கை ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 12,000 மைலுக்கு ஒருமுறை கழற்றிக் கிரீஸ் போடுங்கள். வெளியிலிருந்து கன் வைத்து வேகமாக அழுத்தினால் கிரீஸ் பின் சீலைத் தாண்டி பிரேக் ஷூவில் வழியும். பிறகு ஷூவை மாற்றத்தான் வேண்டும்.

## டயர் ஒரு பக்கமாகத் தேய்கிறது, அல்லது வெடிக்கிறது

உள்விளிம்பு மட்டும் தேய்ந்தால் ஆக்சில் பாரத்தில் வளைந்திருக்கும். இரண்டு விளிம்பும் தேய்ந்தால் காற்று குறைவு. பின் ஆக்சில் டயர்கள் மட்டும் சீக்கிரம் போனால் டிரெய்லரின் மூக்கு உயர்ந்து நிற்கிறது, பந்தின் உயரத்தை இறக்குங்கள்.

டிரெய்லருக்கான எஸ்டி டயரில் காற்றைக் காலையில் வண்டி கிளம்பும் முன், பக்கவாட்டில் போட்டிருக்கும் உச்ச அளவுக்கு நிரப்புங்கள். லோடு ரேஞ்ச் இ (பாரம் தாங்கும் வகை) டயரில் பெரும்பாலும் 80 பிஎஸ்ஐ. பட்டன் தேயாமல் இருக்கிறதே என்று வைத்திருக்காதீர்கள். பக்கவாட்டில் உள்ள எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. பாலைவன வெயிலில் நிற்கும் டிரெய்லருக்கு ஐந்து, ஆறு வருடம் ஆனால் மாற்றிவிடுவேன்.

## ஏற்றத்தில் சூடாகிறது, இறக்கத்தில் பிரேக் நாற்றம் அடிக்கிறது

வீடு திரும்பும் வழியில், இன்டர்ஸ்டேட் 8-ல் ஒகோட்டியோவிலிருந்து இன்-கோ-பா வரை பன்னிரண்டு மைலுக்குள் சாலை சுமார் 2,500 அடி ஏறுகிறது. பாரம் இழுப்பதற்கென்று ட்ரக்கில் இருக்கும் டோ-ஹால் மோடைப் போட்டு, கியர் மாறி மாறித் தவிக்காமல் ஒரு கியரில் நிலைத்து, வலது லேனில் 40-ல் ஏறுங்கள். கியர்பாக்ஸ் சூட்டின் முள் ஏறிக்கொண்டே போனால் வேகத்தைக் குறையுங்கள். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். அது எஞ்சின் கோளாறு அல்ல.

இறக்கத்தில், சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். வேகம் கூடும்போது பிரேக்கை அழுத்தமாக மிதித்து ஐந்து மைல் குறைத்து, முழுக்க விட்டுவிடுங்கள். லேசாக மிதித்துக்கொண்டே போவதுதான் நாற்றத்துக்குக் காரணம். அந்தப் பள்ளத்தாக்கில் காற்று பலமாக வீசும். எச்சரிக்கைப் பலகை விளக்கு எரிந்தால் காத்திருந்து போங்கள்.

## கட்டில் பக்கம் பெட்ரோல் வாசனை

இதைத் தள்ளிப்போடாதீர்கள். மணல் வண்டியின் பெட்ரோல் மூடியும் குழாயும் முதலில். கராஜின் காற்றுத் துளைகளை அட்டை வைத்து அடைக்கவே கூடாது, குளிரடித்தாலும். பெட்ரோல் ஆவி கனமானது, தரையோடு படரும். புரொப்பேனில் ஓடும் ஃபிரிட்ஜ், ஹீட்டரின் தீப்பொறி அதற்குப் போதும். வண்டி ஏற்றும்போதும் ஓட்டும்போதும் சிலிண்டர் வால்வை மூடிவையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஜெனரேட்டர் ஓடும்போது பின்கதவைத் திறந்துவைத்துத் தூங்கக் கூடாது. கராஜுக்குமேல் உள்ள கட்டிலில் என் பிள்ளைகள் தூங்குகிறார்கள், அதனால் இதில் எனக்குச் சமரசமே இல்லை.

## விளக்குகள் மங்கி மங்கி எரிகின்றன

எர்த் கம்பி. டிரெய்லர் சட்டத்தில் வெள்ளைக் கம்பி திருகியிருக்கும் இடத்தைச் சுரண்டி, இறுக்குங்கள். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து சிமிட்டுவதற்கும் இதே காரணம்.

## சக்கரத்திலிருந்து டக் டக் சத்தம்

உடனே நிறுத்துங்கள், வீல் நட் தளர்ந்திருக்கும். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு 10, 25, 50 மைலில் டார்க் ரென்ச்சால் மறுபடி இறுக்க வேண்டும். எல் கஹோனில் கிளம்பினால் எனக்கு அது ஆல்பைன், பைன் வேலி, புல்வார்டு. பிள்ளைகள் இறங்கிக் காலை நீட்டுவதற்குள் நான்கு சக்கரமும் முடிந்துவிடும்.